தள்ளுபடி போக எவ்வளவு?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் கணக்கில் ஓர் அபாரத் திறமை வந்துவிடுகிறது. காகிதம் வேண்டாம், பென்சில் வேண்டாம். "1,400 ரூபாய்ப் புடவை, 30 சதவீதம் போக 980" என்று கடை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். அந்தப் புடவை ஆனி மாதத்தில் என்ன விலைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் வாங்கிய சந்தோஷம் போய்விடும் அல்லவா?

புடவையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. இதே கணக்கை நான் ஒரு மாத்திரைக்கும் போட்டேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் அத்தை லோயர் கேம்ப்பில் இருக்கிறாள். கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, இனி மலைதான் என்று சாலை மூச்சுப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். பெரியாறு அணைத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் மலைச் சரிவில் இறங்கி, மின்சார நிலையத்தில் சக்கரங்களைச் சுற்றிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஆற்றில் போய்ச் சேருகிறது. விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலை ஏறும். அவர்களுக்கு டீயும் பன்னும் வெற்றிலை பாக்கும் விற்கிற கடைகளில் ஒன்று என் மாமாவுடையது. கடைச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே பென்னிகுவிக் துரையின் படமும் உண்டு. அந்தப் பக்கத்தில் அப்படித்தான். அணை கட்டிய அந்த இங்கிலீஷ்காரருக்கு லோயர் கேம்ப்பிலேயே 2013-ல் மணிமண்டபமும் கட்டியாயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு ஓயாத களைப்பு. இடது விலாவின் கீழே கனம். ரத்தத்தைச் சோதித்ததில் வெள்ளை அணுக்கள் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தன. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார் டாக்டர். நாங்கள் எல்லோரும் அழுது முடித்த பிறகு அவரே ஒரு நல்ல செய்தியும் சொன்னார். "இதற்கு மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று. விடாமல் சாப்பிட்டால் இந்த அம்மாள் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாம்."

மாத்திரையின் பெயர் இமாடினிப். வாங்கி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். காரணம், எங்கள் காரியாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடை. வாசலில் பெரிய எழுத்தில் '20 சதவீதம் தள்ளுபடி'. உறையில் அச்சடித்த விலைப்படி 30 மாத்திரைக்கு 4,800 ரூபாய். தள்ளுபடி போக 3,840. மாமா போனில் பணம் அனுப்புவார். நான் வாங்கி, பில்லையும் மடித்து உள்ளே வைத்து, கூரியரில் அனுப்புவேன். பணம் நானே கொடுக்கிறேன் என்றால் மாமா கேட்கமாட்டார். "மருமகப் பொண்ணு சம்பாத்தியத்துல மருந்து சாப்பிடவா?" என்பார். மாதம் 960 ரூபாய் மிச்சம் பிடித்துத் தருகிற மருமகள் என்று எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் கர்வம்.

சென்ற கார்த்திகையில் இரண்டு நாள் லீவு கிடைத்தது. லோயர் கேம்ப் போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அத்தை குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டியிருந்தது.

"ஏன் அத்தை, முந்தி மாதிரி இல்லையே?"

"வயசாகுதுல்ல ஆத்தா" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மாத்திரையையும் பில்களையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். பத்திரிகைத் தொழிலில் காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பில்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். ஜனவரி 6. அடுத்தது பிப்ரவரி 27. அதற்கடுத்தது ஏப்ரல் 19. பிறகு ஜூன் 12.

முதலில் நடுவில் சில பில்கள் தொலைந்துவிட்டன என்றுதான் நினைத்தேன். என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தொலையவில்லை. நான் அனுப்பியதே அவ்வளவுதான். 30 நாளைக்கு உரிய மாத்திரை 52 நாள் ஓடியிருந்தது!

அந்த பில்களை வாங்கியவள் நான். தேதி எல்லாம் என் கண்முன்னால் அச்சாகி வந்தவை. மாமா "மாத்திரை முடியப் போகுதும்மா" என்று போன் செய்யும்போதெல்லாம், அதற்குள்ளாகவா, இப்போதுதானா என்று ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. 20 சதவீதத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா கடைக்குப் போன சமயமாகப் பார்த்துக் கேட்டேன். அத்தை சற்று நேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"முதல் எட்டு நாள் தெனமும் சாப்பிடுவேன். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். உங்க மாமாவுக்குத் தெரியாது. மழை பெஞ்சா ஜீப்பு வராது, ஜீப்பு வராட்டி வியாபாரம் இல்ல. அந்த மனுசன் கடன் வாங்கிக் காசு அனுப்புறத எத்தனை நாளைக்குப் பாக்குறது? விரதம் இருக்கிறவுக இல்லையா, அது மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்."

விரதமாம்! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோபம் அத்தைமேல் இல்லை.

ராத்திரி மாமாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் சத்தம் போடுவார் என்று பயந்தோம். போடவில்லை. பில்லை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு வியாபாரியாகக் கேட்டார்:

"ஏம்மா, 4,800-னு அட்டையில போட்டுருக்கான். 20 குறைச்சுத் தாரான். சரி. அவன் என்ன விலைக்கு எடுத்தான்னு நீ கேட்டியா?"

நான் விழித்தேன்.

"நானும் கடைதான வச்சிருக்கேன்? வெலை போடுறது ஒருத்தன், தள்ளுறது ஒருத்தன். எவ்வளவு தள்ளுவான்னு தெரிஞ்சே ஏத்திப் போட்டிருந்தா? போடியிலயும் புத்தடியிலயும் ஏலக்காய் ஏலம் விட்டா, உசந்த வெலை என்ன, சராசரி என்னன்னு மறுநாள் பேப்பர்ல வந்துருது. மாத்திரைக்கு அப்பிடி ஒண்ணு கெடையாதா?"

நல்ல கேள்வி. கிட்டத்தட்ட அப்படி ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் 'பார்மா சஹி தாம்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. மருந்தின் பெயரைத் தட்டினால், அதே மருந்தை எந்தெந்தக் கம்பெனி என்ன விலைக்கு விற்கிறது என்று வரிசையாக வரும். லோயர் கேம்ப்பில் சிக்னலுக்காகக் கடை வாசலில் போய் நின்று தேடினேன். மறுநாள் கம்பத்துக்கும் தேனிக்கும் போன் போட்டு விசாரித்தேன். அதே இமாடினிப், அதே 400 மில்லிகிராம், வேறு கம்பெனி. அச்சடித்த விலையே 30 மாத்திரைக்கு 2,700 ரூபாய். தள்ளுபடி ஒரு பைசா கிடையாது. ஆனால் என்னுடைய 'தள்ளுபடி' விலையைவிட 1,140 ரூபாய் குறைவு!

உறையில் இருப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது, அவ்வளவுதான். இமாடினிப் போன்ற அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசாங்கமே ஓர் உச்சவரம்பு கட்டுகிறது. வரம்புக்குக் கீழே ஆளுக்கொரு விலை போட்டுக்கொள்ளலாம். எங்கிருந்து கழிக்கிறார்கள் என்று பார்க்காமல் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பார்த்தால், ஆடிப் புடவைக் கதைதான். (கம்பெனியை மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். இதை மாமாகூட ஒப்புக்கொண்டார்.)

சென்னைக்குத் திரும்பியதும் இந்த மாத்திரையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். வேறு ஏதோ தேசத்துச் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். பாதி கதை சென்னையிலேயே நடந்திருக்கிறது!

நோவார்ட்டிஸ் என்ற ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி இதை கிளிவெக் என்ற பெயரில் விற்றது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் மாதத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரித்து 8,000, 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் மனுப் போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். மும்பையிலுள்ள ஒரு புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்து வாதாடியது. 2006 ஜனவரியில் மனு தள்ளுபடி ஆயிற்று. (இந்தத் தள்ளுபடி நல்ல தள்ளுபடி!) சட்டமே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று. 2007-ல் அங்கேயும் பலிக்கவில்லை. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம், பழைய மருந்தின் புது உருவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்த்துவிட்டது. அத்தை 2,700 ரூபாய்க்கு வாங்க முடிவதன் பின்னால் இத்தனை வழக்கு இருக்கிறது.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் கிளிவெக் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, சுமார் 16,000 பேருக்கு, இலவசமாகவே கொடுப்பதாக அவர்கள் சொல்லிவந்தார்கள். பெற்றவர்களுக்கு அது உயிர்ப் பிச்சை, சந்தேகமில்லை. ஆனால் யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்ற முடிவு கொடுக்கிறவர் கையில் அல்லவா இருக்கிறது?

இன்னொரு மருந்தின் கதை இதைவிட விசேஷம். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான நெக்ஸாவர். பேயர் கம்பெனியின் விலை மாதத்துக்கு 2,80,428 ரூபாய். 2012 மார்ச்சில், காப்புரிமை இருந்தும், ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்கு அதைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் வழங்கினார் காப்புரிமை அதிகாரி குரியன். விலை 8,880-க்கு மேல் போகக் கூடாது, வருஷத்துக்கு 600 ஏழை நோயாளிகளுக்காவது இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று நிபந்தனை. பேயர் மேல்முறையீடு செய்தது. அப்போது சென்னையில் இயங்கிய மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவி நீதிபதி ஸ்ரீமதி பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச்சில் உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். பேயருக்கு நாட்கோ தரவேண்டிய பங்கை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார். ஆர்.சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருப்பவரும் இவரே என்று அறிந்தபோது எனக்கு ஏனோ மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கடைக்காரர் லாபம் பற்றி மாமா கேட்டாரே, அதையும் சர்க்கார் யோசிக்காமல் இல்லை. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உடனே 390 பிராண்டுகளின் விலை இறங்கியது. சிலவற்றில் 87 சதவீதம் வரை! அப்படியானால் அதற்கு முன் உறையில் அச்சடித்திருந்தது என்னவாம்? 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு 5 சதவீதம், குறிப்பிட்ட உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை.

இத்தனையும் படித்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. பெரியாஸ்பத்திரியில கேட்டுப் பாத்தா என்ன?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை! படித்த பெண் என்று பெயர்.

நம் மாநிலத்தில் 1994-லிருந்து மருத்துவ சேவைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயர் பாராமல் மருந்தின் மூலப் பெயரில் மொத்தமாக வாங்குகிறார்கள். கல்யாணத்துக்குக் காய்கறி வாங்குகிறவருக்குச் சந்தையில் கிடைக்கும் மரியாதையே தனி அல்லவா? மும்பை டாடா மருத்துவமனையை நடுவாகக் கொண்ட தேசியப் புற்றுநோய் வலைப்பின்னலும் இப்படித்தான் 40 மருந்துகளுக்குப் பல ஆஸ்பத்திரிகள் சார்பில் சேர்ந்து பேரம் பேசியது. 80 சதவீதத்துக்கும் மேல் செலவு மிச்சமாயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வேறு இருக்கிறது. வருஷ வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு உரியது. குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். அந்தச் சான்றுக்காகப் போய் நிற்க மாமாவுக்குத்தான் சங்கடம். "கடைக்காரன் வருமானம் இல்லைன்னு எழுதி வாங்குறதா?" என்றார். அத்தையே போய் வாங்கி வந்தாள்.

தை மாதம் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மதுரை பஸ்ஸில் உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து போய்வர ஒரு பகல் முழுக்க ஆகிவிடுகிறது. பஸ் செலவு, சாப்பாடு, கடையைச் சாத்திய நஷ்டம் எல்லாவற்றையும் மாமா ஒரு சிட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். கைவிட்டுப் போகும் காசு என்றால் மாத்திரை விலை மட்டுமில்லை, பாருங்கள்.

வரிசையில் பக்கத்து பெஞ்சில் சின்னமனூர்ப் பெண் ஒருத்தி. மார்பில் புற்றுநோய். டிராஸ்டுசுமாப் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருஷம் போடவேண்டும் என்றிருக்கிறார்களாம். வேறிடத்தில், இத்தனை ஊசி வாங்கினால் இத்தனை இலவசம் என்று ஒரு கம்பெனித் திட்டத்தின் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா என்று, முன்பின் தெரியாத என்னிடம் கேட்டாள்.

மாமா முந்திக்கொண்டார். "மொத்தம் எத்தனை ஊசி, அத்தனைக்கும் சேத்துக் கையில இருந்து எவ்வளவு போகும்னு ஒரே தொகையா எழுதித் தரச் சொல்லு தாயி. அத ஊசிக் கணக்கால வகுத்துப் பாரு. அதே மருந்த வேற கம்பெனி என்ன வெலைக்குத் தருதுன்னும் கேளு."

அவர் சொன்னது சரி. இந்த ஊசியை 2014-லிருந்தே இந்தியக் கம்பெனியும் விற்கிறது. நான் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டேன். இலவச ஊசிகள் முதலில் வருமா, காசு கொடுத்து வாங்கியதற்குப் பிறகா? நடுவில் டாக்டர் மருந்தை மாற்றிவிட்டால் கட்டிய பணம் என்ன ஆகும்? அவள் காகிதத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். தனியார் காப்பீடு வைத்திருக்கிற நம் வாசகிகளும், வீட்டில் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரைக்குப் பாலிசி எவ்வளவு தருகிறது, வரம்பு என்ன என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை விசாரித்து வையுங்கள்.

டாக்டரம்மாளிடம் அத்தை விரதக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. "உங்களை மாதிரி நிறையப் பேர் செய்கிறார்கள். சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். நாங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து, இதைவிட விலை கூடிய மருந்துக்கு மாற்றுகிறோம்" என்றார். ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏறித்தான் இருந்தது. தினம் ஒன்று, மூன்று மாதம், அப்புறம் பார்க்கலாம் என்றார். மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை. அத்தை பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள், உசிலம்பட்டி வரைக்கும்.

சித்திரையில் மறுபடி பரிசோதனை. அளவு இறங்கியிருந்தது. இருக்கவேண்டிய இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஆடியில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா இப்போது கடைச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை வீட்டுக்குள் மாட்டிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை மாத்திரை விழுங்கித் தண்ணீர் குடித்த பின்னால்தான் அன்றைய தாளைக் கிழிக்கிறார். நான் போன் செய்தால், "கிழிச்சாச்சும்மா" என்பதுதான் முதல் வார்த்தை. ஒரு நாள் கரெண்ட் போய், மறந்து இரண்டு பேரும் தூங்கிவிட்டார்களாம். பதினொரு மணிக்கு எழுப்பி விழுங்க வைத்திருக்கிறார்.

"மின்சாரம் எடுக்கிற ஊர்லயே கரெண்ட் இல்லங்கிறேன்!" என்று அத்தை அதற்குத்தான் குறைப்பட்டுக்கொண்டாள்.